மணிக்கணக்கில் மாறும் குவாசார்கள்: 5 கிகாஹெர்ட்ஸில் நம்பகமாக அளக்கும் முறை

சில குவாசார்களும் பிளேசார்களும் (பெருங்கருந்துளையால் ஒளிரும் தொலைதூர விண்மீன் மண்டல உட்கருக்கள்; பிளேசாரில் ஜெட் எனும் துகள் பீய்ச்சல் நம்மை நோக்கியிருக்கும்) நூற்றுக்கணக்கான கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருந்தாலும், அவற்றின் ரேடியோ ஒளிர்வு ஒரே நாளுக்குள் சில சதவீதம் ஏறி இறங்குகிறது. அமெரிக்காவின் கிரீன் பேங்க் 300 அடித் தொலைநோக்கியில் நாள்கணக்கில் தெரிந்த ஓரிரு சதவீதச் சலனத்தை டேவிட் ஹீஷன் 1984இல் வெளியிட்டார். மறு ஆண்டு ஜெர்மனியின் எஃபெல்ஸ்பெர்க் 100 மீட்டர் தொலைநோக்கியில் எடுத்த அளவீடுகள், ஒரு நாளுக்குள்ளேயே மாற்றம் நடப்பதைத் தெளிவாகக் காட்டின.

இந்த அளவீட்டில் அளக்கப்படும் மூலம் (ரேடியோ கதிர்வீச்சு வரும் வான்பொருள்) மட்டுமல்ல, தொலைநோக்கியும் மாறிக்கொண்டே இருக்கிறது. வெயில் ஏறினால் டிஷ் சற்று வளைகிறது, மேகம் வந்தால் வானம் சூடாகிறது, ரிசீவரின் கெயின் (குறிகையைப் பெருக்கும் அளவு) நகர்கிறது. இவை ஒவ்வொன்றும் ஒரு சதவீத அளவுக்கு வரக்கூடியவை, நாம் தேடுவதும் சில சதவீதம்தான். எனவே குவாசார் மாறுகிறது என்று எழுதுவதற்கு முன், மாறக்கூடாத மூலங்கள் அதே இரவில், அதே டிஷ்ஷில் மாறவில்லை என்று காட்டியாக வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகவே.

முறை 25 மீட்டர் முதல் 100 மீட்டர் வரையான ஒற்றை டிஷ்ஷுக்கு, 4.8 கிகாஹெர்ட்ஸை ஒட்டி எழுதப்பட்டது. பல டிஷ்களை இணைத்து ஒன்றாக இயக்கும் இன்டர்ஃபெரோமீட்டருக்கு வேண்டிய மாற்றங்கள் தனியாக உள்ளன.

எதை அளக்கிறோம்

மாற்றம் குவாசாருக்குள்ளேயே நடப்பதாக முதலில் வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் மாறும் பொருளின் அகலம் ஒளி ஒரு நாளில் செல்லும் தூரத்தை, அதாவது 2600 கோடி கிலோமீட்டரை, மிஞ்ச முடியாது. 1500 மெகாபார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) கோணவிட்டத் தொலைவில் அந்த அகலத்தை வைத்து, 6 சென்டிமீட்டர் அலைநீளத்தில் 1 ஜான்ஸ்கி பாயத்தைக் கொடுத்தால் (பாயம் என்பது நம்மை வந்தடையும் ரேடியோ ஆற்றலின் அளவு, ஜான்ஸ்கி அதன் அலகு), ஒளிர்வு வெப்பநிலை, அதாவது அத்தனை ஒளிர ஒரு சூடான பொருளுக்கு வேண்டிய வெப்பநிலை, சுமார் 5 × 10¹⁸ கெல்வின் வருகிறது. எதிர்க் காம்ப்டன் சிதறல் (எலக்ட்ரான்கள் தம் ஆற்றலை ஒளித்துகள்களுக்கு இழப்பது) அனுமதிக்கும் எல்லையோ 10¹² கெல்வின்தான். ஜெட் நம்மை நோக்கிப் பாய்வதால் கிடைக்கும் டாப்ளர் பெருக்கம் சில படிகளை ஈடுகட்டும். 10¹⁸ஐ ஈடுகட்ட அது போதாது.

வேகமான மாற்றங்களில் பெரும்பகுதிக்குக் காரணம் குவாசார் அல்ல, நம் பால்வீதியின் விண்மீனிடை ஊடகம். அங்குள்ள அயனிவாயுவின் எலக்ட்ரான் அடர்த்தி இடத்துக்கு இடம் வேறுபடுவதால் ரேடியோ அலை சில இடங்களில் குவிந்தும் சில இடங்களில் விரிந்தும் வருகிறது. குளத்தின் அடித்தரையில் நெளியும் வெயில் கோடுகளைப் போன்ற ஒரு கோலம் விண்வெளியில் விழ, பூமி அதைக் கடந்து ஓடுகிறது.

அந்தக் கோலத்தின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது எளிது. அலைநீளத்தைத் திரையின், அதாவது அலையைச் சிதறடிக்கும் அந்த அயனிவாயுப் படலத்தின், தொலைவால் பெருக்கி, 2 பையால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 6 சென்டிமீட்டருக்கு, திரை 100 பார்செக் தொலைவில் இருந்தால் 1.7 லட்சம் கிலோமீட்டர் வரும். பூமி நொடிக்கு 30 கிலோமீட்டரில் அதைக் கடக்க ஏறத்தாழ 1.6 மணி நேரம் ஆகும். திரை 10 பார்செக்கில் இருந்தால் 54,000 கிலோமீட்டர், அரை மணி நேரம். கோண அளவில் இவை முறையே 11, 36 மைக்ரோ ஆர்க் நொடி. மூலம் இதைவிடப் பெரிதாக இருந்தால் மினுமினுப்பு மங்கும், காலமும் நீளும். குவாசார் உட்கருக்கள் பெரும்பாலும் இந்த அளவைவிடப் பெரியவை. அதனால்தான் வழக்கமாகக் காணும் காலம் 1.6 மணி அல்ல, 6 மணி முதல் 2 நாள் வரை.

அலைவரிசையைத் தேர்ந்தெடுத்தல்

5 கிகாஹெர்ட்ஸ் வழக்கத்தால் வந்த தேர்வல்ல. பால்வீதித் தளத்திலிருந்து விலகிய திசைகளில் வலுவான சிதறலிலிருந்து வலுக்குறைந்த சிதறலுக்கு மாறும் எல்லை 3 முதல் 8 கிகாஹெர்ட்ஸுக்குள் விழுகிறது, சலனம் அதிகமாகத் தெரிவது அந்த எல்லையை ஒட்டித்தான். 15 கிகாஹெர்ட்ஸுக்குப் போனால் வீச்சு சுருங்கும், வானிலைத் தொல்லை பெருகும். 1.4 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கினால் காலம் நாள்கணக்காக நீளும். 400 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மாதம், ஆண்டு என்று ஆகிவிடும்.

இதை ஊட்டியில் செய்யப்படும் வேலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸில் பல பத்தாண்டுகளாக அளந்துவருவது கோளிடை மினுமினுப்பு. அங்கே திரையாக இருப்பது சூரியக் காற்று, காலம் ஒரு நொடியைச் சுற்றியது, மூலம் ஓர் ஆர்க் நொடியைவிடச் சிறிதாக இருந்தாலே போதும். இயற்பியல் ஒரே குடும்பம் என்றாலும் கருவியும் கால அளவும் முற்றிலும் வேறு.

மூலங்களும் கேலிப்ரேட்டர்களும்

இலக்கு மூலத்தின் நிறமாலை தட்டையாக இருக்க வேண்டும். 1.4க்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் இடையில் பாயம் பெரிதாகக் குறையாமல் இருந்தால், கதிர்வீச்சின் பெரும்பகுதி மிகச் சிறிய உட்கருவிலிருந்து வருகிறது என்று கொள்ளலாம். 25 மீட்டர் டிஷ்ஷுக்கு 0.5 ஜான்ஸ்கிக்கு மேற்பட்டவற்றை எடுங்கள். 100 மீட்டருக்கு 0.1 ஜான்ஸ்கி வரை இறங்கலாம்.

தொடங்குபவர்களுக்கு எஸ்5 0716+714 நல்ல தேர்வு. எஃபெல்ஸ்பெர்க் இருக்கும் 50.5 பாகை வடக்கில் இது மறைவதே இல்லை. மிகத் தாழும்போதும் அடிவானத்துக்கு 31 பாகை மேலே நிற்கும், ஆகவே நாள் முழுவதும் இடைவெளி இல்லாமல் தரவு எடுக்கலாம். ஊட்டியின் அட்சரேகையில் இதே மூலம் 30 பாகைக்கு மேல் எழுவதே இல்லை. எனவே பட்டியல் எதுவானாலும் உங்கள் டிஷ்ஷின் அட்சரேகையை வைத்து முதலில் சலித்துக்கொள்ளுங்கள். தினமும் 8 மணி நேரம் மட்டுமே கிடைக்கும் மூலத்தில் 12 மணி நேரச் சலனத்தை அளப்பது பெரும் போராட்டம்.

கேலிப்ரேட்டர்களில், அதாவது ஒப்பீட்டுக்கு வைக்கும் மாறாத மூலங்களில், இரண்டு வகை வேண்டும்.

முதல் வகை பாய அளவுகோலை நிர்ணயிக்க: 3சி 286 (4.85 கிகாஹெர்ட்ஸில் சுமார் 7.5 ஜான்ஸ்கி), 3சி 48 (சுமார் 5.5 ஜான்ஸ்கி), கிரக நெபுலாவான என்.ஜி.சி. 7027. ஒரு நாளில் இவற்றை ஓரிரு முறை அளந்தால் போதும்.

வேலை முழுவதையும் தாங்குவது இரண்டாம் வகைதான். இலக்குக்கு அருகில், சரிவான நிறமாலையுடன், மில்லி ஆர்க் நொடிகளில் பரந்து கிடப்பதால் மினுமினுக்க முடியாத மூலங்கள் இவை. 0716+714க்குப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டுவருபவை 0836+710ம், எம்82 விண்மீன் மண்டலத்தின் மையமான 0951+699ம். முதலாவது இலக்கிலிருந்து 6 பாகைக்குச் சற்று மேலான தொலைவில் இருப்பதால் இரண்டும் ஏறத்தாழ ஒரே காற்றையும் ஒரே டிஷ் வளைவையும் பகிர்ந்துகொள்கின்றன. குறைந்தது மூன்று கேலிப்ரேட்டர்களை வையுங்கள். இரண்டு மட்டும் இருந்து அவை தங்களுக்குள் முரண்பட்டால், எது பிழை என்று தீர்மானிக்க வழி இருக்காது.

அட்டவணை

3 முதல் 4 நாள் தொடர் நேரம் கேளுங்கள். சலனத்தின் காலம் 6 மணி என்றால் 72 மணி நேரத்தில் 12 தனித்தனி ஏற்ற இறக்கங்கள் கிடைக்கும், வீச்சின் பிழை ஏறத்தாழ 20 சதவீதம். காலம் 36 மணி என்றால் இரண்டே கிடைக்கும், பிழை 50 சதவீதத்தை எட்டும். அந்த நிலையில் பல தசமங்களோடு வீச்சை அச்சிடுவதில் பொருளில்லை.

ஒவ்வோர் இலக்கையும் ஒன்று முதல் ஒன்றரை மணிக்கு ஒருமுறை அளக்க வேண்டும். ஒவ்வொரு கேலிப்ரேட்டரையும் அதே இடைவெளியில் அளக்க வேண்டும். மொத்த நேரத்தில் 30 முதல் 40 சதவீதம் கேலிப்ரேட்டர்களுக்குப் போகும். இதைப் பார்த்து மனம் தளர்ந்து, இன்னும் இரண்டு இலக்குகளைச் சேர்த்துக் கேலிப்ரேட்டரைக் குறைப்பதுதான் இத்துறையில் மிகப் பரவலாகக் காணும் தவறு. அப்படி எடுத்த தரவைப் பின்னால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

நியூ மெக்சிகோவின் வி.எல்.ஏ. தொலைநோக்கி வரிசையில் 2002 ஜனவரி முதல் 2003 ஜனவரி வரை நான்கு அமர்வுகளில் நடந்த மேசிவ் அளவாய்வு நல்ல முன்மாதிரி. 4.9 கிகாஹெர்ட்ஸில் ஒவ்வொரு மூலத்தையும் சுமார் 2 மணிக்கு ஒருமுறை அளந்தார்கள். 443 தட்டை நிறமாலை மூலங்களில் பாதிக்கும் மேற்பட்டவை குறைந்தது ஓர் அமர்விலாவது மாறின. செம்பெயர்ச்சி 2ஐத் தாண்டிய, அதாவது மிகத் தொலைவிலுள்ள, மூலங்களில் மாறுபவற்றின் பங்கு கணிசமாகக் குறைந்ததும் அதில்தான் தெரியவந்தது.

அமர்வு நடக்கும்போது ரிசீவர் அமைப்பு எதையும் தொடாதீர்கள். குறிகையைக் குறைக்கும் அட்டெனுவேட்டரை ஒரு படி மாற்றினாலும் அதற்கு முந்தைய தரவையும் பிந்தைய தரவையும் இரண்டு தனி அமர்வுகளாகவே கையாள வேண்டிவரும். சூரியனிலிருந்து 20 பாகைக்குள் வரும் மூலங்களை விலக்குங்கள்.

குறுக்கு ஸ்கேன்

டிஷ்ஷை மூலத்தின் மேல் நிறுத்தி அளப்பதைவிட, மூலத்தின் குறுக்கே ஓட்டி அளப்பது மேல். பின்னணியும் குறிபார்ப்புப் பிழையும் அதே தரவிலிருந்து கிடைத்துவிடும்.

25 மீட்டர் டிஷ்ஷின் பீம் (ஒரே நேரத்தில் அது பார்க்கும் வானப் பரப்பின் அகலம்) 4.8 கிகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 10 ஆர்க் நிமிடம், 100 மீட்டருக்கு 2.4. ஸ்கேன் நீளம் பீமைப் போல 4 மடங்கு, அதாவது 25 மீட்டருக்கு 40 ஆர்க் நிமிடம். ஒரு ஸ்கேனுக்கு 30 நொடி. திசைக் கோணத்தில் 4, ஏற்றக் கோணத்தில் 4 என எட்டு ஸ்கேன் சேர்ந்தது ஓர் அளவீடு. முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒரே திசையில் ஓட்டினால், நேர முத்திரையில் இருக்கும் சிறு தாமதம் குறிபார்ப்புப் பிழையாக வேடமிடும்.

ஸ்கேன் ஏன் இத்தனை குறுகியது என்பதை எண்களே சொல்லும். 25 மீட்டர் டிஷ், திறன் 60 சதவீதம், அமைப்பு வெப்பநிலை (கருவியும் வானமும் தரும் மொத்த இரைச்சல்) 25 கெல்வின் என்று வைப்போம். 1 ஜான்ஸ்கி மூலம் 0.107 கெல்வின்தான் தரும். 500 மெகாஹெர்ட்ஸ் பட்டை அகலத்தில், இரு துருவமுனைப்பையும் (அலை அதிரும் இரு திசைகளையும்) சராசரி செய்தால், ஒரு நொடிக்கு இரைச்சல் சுமார் 7 மில்லிஜான்ஸ்கி. எட்டு ஸ்கேனையும் சேர்த்தால் இது 1 மில்லிஜான்ஸ்கி அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் ரிசீவர் கெயின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே பின்னணி 2.5 மில்லிகெல்வின், அதாவது 23 மில்லிஜான்ஸ்கி, இடம்பெயரும். வெப்ப இரைச்சல் நம் எதிரி அல்ல, கெயின்தான் எதிரி. வேகமாக ஓட்டி முடித்தால் அந்த நகர்வை ஒரு நேர்கோடாகக் கொண்டு கழித்துவிடலாம்.

தெரிந்த அளவு இரைச்சலை ரிசீவருக்குள் செலுத்தும் நாய்ஸ் டையோடைத் தொடர்ந்து ஏற்றி இறக்கி, அதன் அளவால் எல்லாவற்றையும் வகுத்துக்கொள்ளுங்கள். டையோடு வைத்த பெட்டியின் வெப்பநிலையையும் பதிவு செய்யுங்கள், டையோடும் சூட்டுக்கு மாறும்.

தரவைச் செப்பனிடுதல்

வரிசை முக்கியம். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் அதன் பிழை அடுத்த படியில் வேறு பெயரில் நுழைந்துவிடும்.

1. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் நேர்கோட்டுப் பின்னணியும் ஒரு காஸியன் வளைவும் பொருத்துங்கள். உயரம், மையம், அகலம் ஆகிய மூன்றையும் தரவே தீர்மானிக்கட்டும்.

2. அகலம் பீமிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தாலோ, மையம் பீமின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நகர்ந்திருந்தாலோ அந்த ஸ்கேனை விலக்குங்கள். திசைக் கோண ஸ்கேனின் அகலம் மட்டும் ஏற்றக் கோணத்தோடு சேர்ந்து வளர்ந்தால், ஏற்றக் கோணத்தின் கொசைனால் பெருக்க மறந்திருக்கிறீர்கள். விலக்கும் விதி இலக்குக்கும் கேலிப்ரேட்டருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கண்ணால் பார்த்து, பிடிக்காத புள்ளியை நீக்குவது கூடாது.

3. குறிபார்ப்புத் திருத்தம். ஏற்றக் கோண ஸ்கேன்களில் கிடைத்த மையப் பிழையை வைத்துத் திசைக் கோண ஸ்கேன்களின் உயரத்தைத் திருத்த வேண்டும், மறுபக்கமும் அப்படியே. பிழை பீமின் பத்தில் ஒரு பங்கு என்றால் இழப்பு 2.7 சதவீதம். இருபதில் ஒரு பங்கு என்றால் 0.7 சதவீதம். திருத்திய பிறகு இரு திசை ஸ்கேன்களின் உயரமும் பிழைக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அந்த அளவீட்டை ஒதுக்குங்கள்.

4. காற்றின் உறிஞ்சல். அமைப்பு வெப்பநிலையை 1 ÷ சைன்(ஏற்றக் கோணம்) என்ற அளவுக்கு எதிராக வரைந்தால் சாய்விலிருந்து உச்சித்திசை உறிஞ்சல் கிடைக்கும். 0.015 என்று வந்தால் உச்சியில் 1.5 சதவீதமும், 20 பாகை ஏற்றத்தில் 4.4 சதவீதமும் திருத்தம்.

5. ஏற்றக் கோணக் கெயின். எல்லாக் கேலிப்ரேட்டர்களையும் அவற்றின் சொந்தச் சராசரியால் வகுத்து, ஏற்றக் கோணத்துக்கு எதிராக வரைந்து, இரண்டாம் படிப் பல்லுறுப்புக் கோவை ஒன்றைப் பொருத்தி, எல்லா மூலங்களையும் அதால் வகுங்கள்.

6. நேரக் கெயின். கேலிப்ரேட்டர்களில் மிஞ்சி நிற்கும், எல்லாவற்றுக்கும் பொதுவான மெல்லிய நகர்வை 2 முதல் 3 மணி அகலச் சராசரியால் எடுத்து நீக்குங்கள். பெரும்பாலும் சூரிய உதயத்திலும் மறைவிலும் இது தலைகாட்டும்.

7. கடைசியாக 3சி 286, 3சி 48 வழியாக ஜான்ஸ்கிக்கு மாற்றுங்கள். இந்தப் படியின் 2, 3 சதவீதப் பிழை எல்லாப் புள்ளிகளுக்கும் பொது. சலனத்தை அது பாதிக்காது, எனவே தனிப் புள்ளிகளின் பிழைக் கோட்டில் அதைச் சேர்க்காதீர்கள்.

ஆறாம் படியில் ஒரு படுகுழி இருக்கிறது. கேலிப்ரேட்டரைக் கேலிப்ரேட்டராலேயே திருத்தினால் அது நேராகத்தான் தெரியும், அந்த நேர்த்தியை உங்கள் துல்லியம் என்று நம்பிவிடுவீர்கள். ஒரு கேலிப்ரேட்டரைத் திருத்தத்தில் சேர்க்காமல் வெளியே வையுங்கள். மற்றவற்றைக் கொண்டு இலக்கைத் திருத்துவதுபோலவே அதையும் திருத்தி, அதில் மிஞ்சும் சிதறலை எடுங்கள். ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி இதைச் செய்தால் வரும் எண்தான் உங்கள் அமர்வின் உண்மையான துல்லியம். நல்ல வானிலையில் 100 மீட்டருக்கு 0.5 சதவீதத்தையும், 25 மீட்டருக்கு 1 சதவீதத்தையும் ஒட்டி வர வேண்டும். 2 சதவீதம் வந்தால் மூன்றாம் படிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

மாறுகிறதா என்று தீர்ப்பது

சலனக் குறியீடு = 100 × திட்ட விலக்கம் ÷ சராசரி. இலக்குக்கு வருவதை ம என்றும், வெளியே வைத்த கேலிப்ரேட்டர்களுக்கு வருவதை ம₀ என்றும் கொள்வோம்.

சலன வீச்சு = 3 × √(ம² − ம₀²)

ம 3.2, ம₀ 0.5 என்றால் வீச்சு 9.5 சதவீதம். முன்னால் நிற்கும் 3 என்பது ஹீஷனும் எஃபெல்ஸ்பெர்க் குழுவினரும் 1987இல் கையாண்ட மரபு. பழைய அளவீடுகளோடு ஒப்பிட இது வேண்டும், ஆனால் மேசிவ் போன்றவை வேறு அளவைகளைப் பயன்படுத்துவதால் எதைத் தருகிறீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

அடுத்து கை-ஸ்கொயர் சோதனை. ஒவ்வொரு புள்ளியின் பிழையிலும் எட்டு ஸ்கேன்களின் சிதறலையும், ம₀ × பாயம் என்பதையும் வர்க்கக் கூட்டலாகச் சேர்க்க வேண்டும். 40 புள்ளிகள் இருந்தால் கட்டின்மைப் படிகள் 39. 99.9 சதவீத உறுதிக்கு கை-ஸ்கொயர் 72ஐத் தாண்ட வேண்டும், படிகளால் வகுத்தால் 1.85. இதே சோதனையைக் கேலிப்ரேட்டர்களுக்கும் நடத்துங்கள். அவற்றில் ஒன்று தேறிவிட்டால், அதாவது மாறுவதாகக் காட்டினால், இலக்கைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

காலத்தை அறிய அமைப்புச் சார்பு. ஒவ்வொரு புள்ளி இணைக்கும் பாய வேறுபாட்டின் வர்க்கத்தை எடுத்து, நேர இடைவெளி வாரியாக ஒரு மணி அகலக் கூடைகளில் சராசரி செய்து வரையுங்கள். 1 ஜான்ஸ்கி மூலத்துக்கு ம 3.2 என்றால், வளைவு ஏறி முடிந்து தட்டையாகும் மேட்டுநிலம் 2 × 0.032², ஏறத்தாழ 0.002 ஜான்ஸ்கி வர்க்கத்தில் அமையும். ம₀ 0.5 என்றால் இரைச்சல் தரை 0.00005. வளைவு தரையிலிருந்து ஏறி மேட்டைத் தொடும் இடைவெளிதான் சலனக் காலம். மேட்டின் பாதியைத் தொடும் இடத்தை எடுப்பவர்களும் உண்டு, எந்த மரபு என்று குறிப்பிடுங்கள். அமர்வு முடியும்வரை வளைவு ஏறிக்கொண்டே போனால் காலத்துக்குக் கீழ் எல்லை மட்டும் தாருங்கள். அமர்வின் பாதி நீளத்தைத் தாண்டிய இடைவெளிகளில் இணைகள் சில புள்ளிகளையே சுற்றிச் சுற்றி வரும். அங்கே தெரியும் நெளிவுகளை நம்ப வேண்டாம்.

பொய்ச் சலனம்

கேலிப்ரேட்டர்கள் எல்லாம் நேராக இருந்தும் இலக்கில் மட்டும் பொய்ச் சலனம் வர இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, பீமுக்குள் அல்லது அதன் ஓரத்தில் வேறொரு மூலம் இருப்பது. திசைக் கோணத்தில் ஓட்டும் டிஷ்ஷுக்கு வானம் மெல்லச் சுழல்வதால் அந்த அண்டை மூலம் ஒரு நேரத்தில் ஸ்கேன் கோட்டின்மேலும், வேறொரு நேரத்தில் விலகியும் இருக்கும். 25 மீட்டரின் 10 ஆர்க் நிமிடப் பீமில் இது அடிக்கடி நிகழும். இதற்கான சோதனை எளியது, கட்டாயமானது. பாயத்தை விண்மீன் நேரத்துக்கு (விண்மீன்களை வைத்து பூமியின் சுழற்சியை அளக்கும் நேரம், அதன் நாள் 23 மணி 56 நிமிடம்) எதிராக மடித்து வரையுங்கள். நாள்களின் வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தால் அது அண்டை மூலமோ மிஞ்சிய ஏற்றக் கோணப் பிழையோதான். மினுமினுப்புக்கு 23 மணி 56 நிமிடத்தில் திரும்பி வர எந்தக் காரணமும் இல்லை. அதோடு 1.4 கிகாஹெர்ட்ஸ் என்.வி.எஸ்.எஸ். வான அளவாய்வுப் பட்டியலில் இலக்கைச் சுற்றி இரண்டு பீம் தொலைவுக்குள் என்ன இருக்கிறது என்று அமர்வுக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, துருவமுனைப்பு. நேர்கோட்டு ஃபீடில் (ஒவ்வொரு சானலும் ஒரு திசை அதிர்வை மட்டும் வாங்கும் ஏற்பி) ஒரு சானலை மட்டும் பயன்படுத்தினால், 10 சதவீதம் துருவமுனைந்த மூலம் வானம் சுழலச் சுழல 10 சதவீதம் ஏறி இறங்கும். 3சி 286 இந்த அலைவரிசையில் சுமார் 11 சதவீதம் துருவமுனைந்தது என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு சானலையும் தனித்தனியே கெயின் திருத்திவிட்டுக் கூட்டினால் இது மறையும்.

சூரியன் வேறு வகை. 24 மணிக்கு ஒருமுறை, எல்லா மூலங்களிலும், ஆனால் மூலத்துக்கு மூலம் வேறு அளவில் வரும். பகல் தரவை மட்டும், இரவுத் தரவை மட்டும் என்று பிரித்து ம₀ஐக் கணக்கிட்டால் வெளிப்பட்டுவிடும். இரண்டும் பெரிதாக வேறுபட்டால் பகல் புள்ளிகளுக்குப் பெரிய பிழைக் கோடு கொடுங்கள்.

இன்டர்ஃபெரோமீட்டரில்

இங்கே பின்னணித் தொல்லை இல்லை. ஒரு நிமிடத்துக்கு ஒரு புள்ளி வீதம் எடுக்க முடியும், ஆகவே மிக வேகமான மூலங்களுக்கு இதுவே வழி. ஆஸ்திரேலியாவின் நராப்ரியில் உள்ள ஆறு 22 மீட்டர் டிஷ்களின் வரிசை 1996இல் பி.கே.எஸ். 0405−385இல் ஒரு மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 50 சதவீத மாற்றத்தைக் கண்டது. பி.கே.எஸ். 1257−326ம் அதே வரிசையில்தான் அகப்பட்டது.

கட்ட (அலை தன் சுழற்சியில் எந்த நிலையில் இருக்கிறது என்பது கட்டம்) கேலிப்ரேட்டர் பட்டியலிலிருந்து அருகிலுள்ளதை எடுத்து அதையே வீச்சுக்கும் பயன்படுத்தாதீர்கள். அந்தப் பட்டியலில் இருப்பவை செறிவானவை, தட்டை நிறமாலை கொண்டவை, அதாவது மினுமினுக்கும் அதே இனம். கட்டத்துக்கு மட்டும் அவற்றை வைத்துக்கொண்டு, வீச்சுக்குத் தென்வானில் 1934−638 போன்ற நிலையான மூலத்தை எடுங்கள். இலக்கு 50 மில்லிஜான்ஸ்கிக்கு மேல் இருந்தால் கட்டத்தை அதன் தரவாலேயே திருத்திவிட்டுச் சராசரி செய்யுங்கள். இல்லாவிட்டால் காற்றின் ஈரம் கட்டத்தைக் குலைத்து, வீச்சைத் தின்று, பொய்ச் சரிவைத் தரும்.

இலக்கைச் சுற்றி விரிந்த ஜெட் இருந்தால் ஒவ்வோர் அடிக்கோட்டிலும் (இரு டிஷ்களை இணைக்கும் கோடு) வீச்சு மணிக்கோணத்தோடு மாறும். முழுத் தரவையும் கொண்டு படம் எடுத்து, உட்கருவைத் தவிர மற்றவற்றை மாதிரியாகக் கழித்துவிட்டுப் பிறகு பாய வளைவு வரையுங்கள். விண்மீன் நேர மடிப்புச் சோதனை இங்கும் கட்டாயம்.

மினுமினுப்பு என்று உறுதிசெய்தல்

மாற்றம் உண்மை என்று தெரிந்த பிறகும் அது ஊடகத்தால் வருவதா, மூலத்திலிருந்து வருவதா என்ற கேள்வி நிற்கிறது. 1990 பிப்ரவரியில் 0716+714ஐ ரேடியோவிலும் கண்ணுறு ஒளியிலும் ஒருசேரக் கவனித்தபோது இரண்டின் மாறும் வேகமும் ஒரே சமயத்தில் குறைந்தது. கண்ணுறு ஒளி விண்மீனிடைப் பிளாஸ்மாவில் மினுமினுக்காது. எனவே எல்லா மூலத்துக்கும் ஒரே விளக்கத்தை முன்கூட்டியே ஒட்டிவிடக் கூடாது.

இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது ஆண்டுச் சுழற்சி. பூமி சூரியனைச் சுற்றுவதால் திரைக்கு எதிரான நம் வேகம் ஆண்டின் ஒரு பருவத்தில் கூடும், மற்றொன்றில் குறையும். சலனக் காலம் அதற்கேற்ப நீண்டு சுருங்கும். ஆண்டுக்கு 6 முதல் 8 அமர்வுகள், ஒரே அலைவரிசை, ஒரே கேலிப்ரேட்டர்கள், குறைந்தது இரண்டு ஆண்டு என்று திட்டமிடுங்கள். ஓர் ஆண்டுத் தரவில் தெரியும் ஏற்ற இறக்கம் தற்செயலாகவும் இருக்கலாம், இரண்டாம் ஆண்டு அதே மாதத்தில் திரும்பி வந்தால்தான் பொருள்.

இரண்டாவது இரு நிலைய நேரத் தாமதம், மறுக்க முடியாத சான்று. கோலம் பூமியைக் கடக்கும்போது ஒரு தொலைநோக்கிக்கு முன்னதாகவும் மற்றொன்றுக்குப் பின்னதாகவும் வரும். 10,000 கிலோமீட்டர் அடிக்கோட்டுக்கு நொடிக்கு 30 கிலோமீட்டரில் தாமதம் 5 நிமிடத்துக்குச் சற்று மேல். வி.எல்.ஏ.வும் நராப்ரியும் சேர்ந்து பி.கே.எஸ். 0405−385இல் 140 நொடியும், பி.கே.எஸ். 1257−326இல் 8 நிமிடம் வரையிலும் அளந்தன. ஒரு மணி நேரத்துக்குள் மாறும் மூலத்தில்தான் இது சாத்தியம். காலம் 12 மணி என்றால் 5 நிமிட நகர்வு இரைச்சலில் கரைந்துவிடும். இரு நிலையத்திலும் நடு அலைவரிசையும் பட்டை அகலமும் ஒன்றாக இருக்கட்டும். மூலம் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் அடிவானத்துக்கு மேல் இருக்கும் சில மணி நேரத்தை முன்பே கணக்கிட்டு, இரு பக்கமும் ஒரு நிமிடத்துக்கு ஒரு புள்ளி எடுங்கள். நேர முத்திரை ஒவ்வொரு சராசரியின் நடுப்புள்ளிக்கு உரியதா, தொடக்கத்துக்கு உரியதா என்று இரு நிலையத்தாரிடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு நிமிடச் சராசரியில் அந்தக் குழப்பமே 30 நொடிப் பிழையைப் புகுத்திவிடும்.

சலனம் நின்றுபோன அமர்வுகளையும் வெளியிடுங்கள். நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் வரிசை கண்டறிந்த ஜே1819+3845 பல ஆண்டுகள் மிக வேகமாக மாறிவிட்டு, 2006க்கும் 2008க்கும் இடையில் அடங்கிப்போனது. அதன் முன்னால் இருந்த அருகாமைத் திரை நகர்ந்து விலகியதாகவே பார்க்கப்படுகிறது. மாறாத அமர்வுகளின் ம₀ஐயும் மேல் எல்லையையும் யாரோ பதிவு செய்து வைத்திருந்தால்தான் இப்படிப்பட்ட திரைகளின் அகலத்தைக் கணக்கிட முடியும். அட்டவணையில் நேரம், ஏற்றக் கோணம், பாயம், புள்ளிப் பிழை, வெளியே வைத்த கேலிப்ரேட்டரின் பெயர் ஆகிய ஐந்தும், திருத்தத்துக்கு முந்தைய பாயமும் இருக்கட்டும்.